கிட்டங்கிக்குள் ஆடு வந்த நாள்

பிள்ளைகளா,

விசில் இனிமேல் உங்கள் கழுத்தில். என் முழங்கால் இரண்டும் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிட்டதால் நான் நாற்காலிக்கு வந்துவிட்டேன். நாய் பழக்கப் புதுசாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி என் மகள். அவளுக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை. எல்லாரும் எனக்கு ஒண்ணுதான், எல்லாரையும் ஒரே மாதிரிதான் திட்டுவேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திப் படியுங்கள். தாண்டுகிற கம்பு எவ்வளவு உயரம், குழாய் எவ்வளவு நீளம், எந்த வயசு நாயை எதில் ஏற்றலாம் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாளையம்பட்டியில் நீங்கள் டீ குடிக்கப் போனால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். "ஏம்ப்பா, நாய்க்கு எதுக்கு ஓட்டப் பயிற்சி? அது பொறந்ததுல இருந்து ஓடிக்கிட்டுத்தான இருக்கு?" கோபப்படாதீர்கள். நான் சொல்லுகிற பதிலையே சொல்லுங்கள். "ஓடத் தெரியும்ணே. நிக்கத்தான் தெரியாது. அதுக்குத்தான் ஃபீஸ்."

நம்ம கிட்டங்கி ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கின இடம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே தரையில் நாய் பாதம் வைக்க முடியாத ஊர் நம்ம ஊர் என்பதால் தகரக் கூரையும் பெரிய ஃபேனும் போட்டு உள்ளே வந்துவிட்டோம். சிமெண்டுத் தரை வழுக்கும். அதனால் மூலைக்கு மூலை பச்சை ரப்பர் விரிப்பு. தாண்டுகிற கம்புகள், குழாய், சாய்த்து வைத்த இரண்டு பலகை (அதை நாம் 'கூரை' என்கிறோம்), நாய் ஓடிவந்து ஏறிப் படுக்க வேண்டிய மேசை. இவ்வளவுதான் நம்ம உலகம். இந்த உலகத்துக்குள் எல்லாம் சரியாக நடக்கும். அங்கேதான் ஆபத்து. எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட வயசில் சின்னவர். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். பேரைப் போட்டால் சண்டைக்கு வருவார் என்பதால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாயையும் திட்டமாட்டார். நாய் தப்புச் செய்தால் என்னைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

ஒரு நாள் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மொபெட்டில் வந்து இறங்கினார். பேர் பாண்டியம்மா. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு சிப்பிப்பாறை வேட்டைநாய் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரில் தாடையை வைத்துக்கொண்டு, ஏதோ அதுதான் வண்டி ஓட்டி வந்த மாதிரி பார்த்தது. ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற அந்த நாய்க்குப் பேர் பூச்சி.

"ஏம்மா, இவ்வளவு பெரிய நாய்க்கு பூச்சின்னா வச்சீக?"

"குட்டியில பூச்சி மாதிரிதான்ணே இருந்துச்சு. அப்புறம் வளரும்னு யாரு கண்டா?"

வந்த விஷயத்தை நின்றபடியே சொன்னார். ஊருக்கு வெளியே புஞ்சையிலேயே வீடு. வீட்டுக்காரர் லாரியில் போய்விடுவார், வர மாசமாகும். மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றி வந்து உழுதுவிடும். பூச்சி அவிழ்த்துக் கிடக்கிற வரைக்கும் பன்றி வரப்பில்கூடக் கால் வைக்காது. அதனால் நாய் வேண்டும். அறுப்பு முடிந்ததும் அந்தப் புஞ்சையில் வருசா வருசம் ஆட்டுக்கிடை போடுவார்கள். மந்தையை ராத்திரி அங்கே அடைத்தால் புழுக்கையும் கோமியமும் விழுந்து அடுத்த வெள்ளாமைக்கு நிலம் தேறும். கிடை இல்லாவிட்டால் அந்தக் கரிசல் ஒன்றுக்கும் ஆகாது. அதனால் கிடையும் வேண்டும்.

பூச்சிக்கு ஓடுகிற எதைப் பார்த்தாலும் துரத்தணும். சிப்பிப்பாறைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. போன தடவை மந்தை வந்தபோது பூச்சி பாய, ஆடுகள் சிதறி ஓட, சினையாடு ஒன்று ஓடைக்குள் விழுந்து குட்டி போய்விட்டது. கிடைக்காரர் இருளப்பன் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனாராம்.

"என்ன சொன்னாரு?"

"'தாயி, கிடை வேணுமா, நாய் வேணுமா, முடிவு பண்ணிக்க. ரெண்டும் ஒரு புஞ்சையில கிடக்காது'ன்னுட்டாருண்ணே. அவரு சொல்றதும் நெசந்தான. ஆட்டைப் பிள்ளை மாதிரி வச்சிருக்காரு. இதைக் கட்டிப்போட்டா ராப்பகலா அழுவுது, பன்னியும் வந்திருது. யாருக்காச்சும் குடுத்துரலாம்னு வீட்டுக்காரரு சொல்றாரு. எனக்கு மனசு வரல."

"சரிம்மா, இங்க நாங்க கம்பு தாண்ட, குழாய்க்குள்ள நுழைய..."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்ணே. என் கொழுந்தன் மக செல்லுல காட்டுனா, இங்க நாய் பறந்து வருது, நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் மேசையில பொத்துனு படுக்குது. அது ஒண்ணு மட்டும் குடுங்க, போதும்."

"அது தனியா விக்கிறது இல்லம்மா."

சிரித்துவிட்டார். சேர்த்துக்கொண்டேன்.

பூச்சி மாதிரி ஒரு நாயை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கூரையில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே மூச்சு. பாண்டியம்மா அதைவிடப் பொறுமைசாலி. நாய் இல்லாமல் வெறுங்கையை நீட்டிக்கொண்டு அது ஓட வேண்டிய பாதையை நடந்து பார்க்கச் சொல்லுவோம் இல்லையா, அதை முதல் நாளே வெட்கப்படாமல் செய்தார். வாசலில் நின்ற தபால்காரர், "அந்த அம்மாவுக்கு சாமி ஏதும் இறங்கியிருக்கா?" என்று என்னிடம் காதோடு கேட்டார். 'படு' என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக உழைத்தோம். முதலில் நின்ற இடத்தில், அப்புறம் நடக்கிறபோது, அப்புறம் ஓட்டத்தில். கடைசியில் பூச்சி முழு வேகத்தில் வரும்போது பாண்டியம்மா 'படு' என்றால் காற்று நின்ற மாதிரி அப்படியே விழுந்து படுக்கும். நான் குதித்தேன் என்றே சொல்லலாம், அப்போது முழங்கால் நல்லா இருந்தது. உடனே இருளப்பனுக்குப் போனைப் போட்டேன்.

"அண்ணே, நாய் ரெடி. வீடியோ அனுப்பட்டுமா?"

"கிட்டங்கிக்குள்ளயா? அதுக்குள்ள விட்டா நானுந்தான் ஓட மாட்டேன், எங்கிட்டு ஓட? புஞ்சைக்குக் கூட்டிட்டு வாரும், பாப்போம்."

போனேன். மேடம் சொல்லிக்கொடுத்த பழக்கம், எங்கே போனாலும் நாய் கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு இருக்கும். கயிற்றின் மறுமுனை என் கையில். மந்தை ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. பாண்டியம்மா நாயைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு, "பூச்சி, படு!" என்றார்.

பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பு மாதிரி மந்தையைப் பார்த்துப் போனது. கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு போய், கடைசி முடிச்சு வந்ததும் என்னையும் இழுத்தது. குப்புற விழுந்து நெருஞ்சி முள் மேலேயே கொஞ்ச தூரம் போனேன். நாய் நின்றது. நான் பாரமாக இருந்ததால் நின்றது, அவ்வளவுதான்.

இருளப்பன் வந்து குனிந்து பார்த்தார். நக்கல் பேசுவதற்கென்றே வளர்த்த மாதிரி ஒரு மீசை அவருக்கு.

"வாத்தியாரே, நாய் படுக்கல. நீரு படுத்துட்டீரு."

நான் சட்டையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "இன்னொரு சான்ஸ் குடுங்கண்ணே" என்றேன். அவர் பாண்டியம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கெஞ்சவில்லை. நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அதுதான் அவரை என்னமோ செய்தது என்று நினைக்கிறேன்.

"வீரசோழன் பக்கம் கிடை பேசியிருக்கேன் தாயி. அது முடிஞ்சு இந்தப் பக்கம் திரும்புவேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா இங்க அடைப்பேன். இல்லன்னா இந்த வருசம் உன் புஞ்சையைத் தாண்டிப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது."

அன்றைக்குச் சாயங்காலம் மேடத்துக்குப் போன் பண்ணினேன். நாய்க்கு வேட்டைப் புத்தி, திருத்த முடியாது, ரத்தத்தில் ஊறினது என்று பெரிய பேச்சாகப் பேசினேன். மேடம் முழுசையும் கேட்டார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணா, இதுவரைக்கும் பூச்சி எங்கெங்க எல்லாம் படுத்திருக்கா?"

"நிறைய இடம் மேடம். மேசை மேல, கூரைக்குக் கீழ, குழாய் வாசல்ல, நடு ஹால்ல..."

"அங்கெல்லாம் கீழ என்ன விரிச்சிருக்கு?"

ஒவ்வொரு இடமாக மனசுக்குள் போய்ப் பார்த்தேன். போனில் மேடம் சிரிக்காமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

எல்லா இடத்திலும் பச்சை விரிப்பு. மேசை மேலேயும் அதே விரிப்பில் வெட்டின துண்டு. நான் படுக்கக் கற்றுக்கொடுத்ததாக நினைத்தேன். பூச்சி கற்றுக்கொண்டது, காலுக்குக் கீழே பச்சையும் மெத்தென்றும் இருக்கும்போது இந்த அம்மா இந்தச் சத்தம் போட்டால் படுக்க வேண்டும் என்பதை. புஞ்சையில் மண்கட்டியும் முள்ளும். அங்கே அந்தச் சொல்லுக்கு அதன் மனசில் அர்த்தமே இல்லை. அது கீழ்ப்படியாமல் போகவில்லை, பிள்ளைகளா. நான் கேட்டது அதற்குப் புரியவே இல்லை. உள்ளேயே தொழில் செய்கிற நம்ம மாதிரி ஆட்களுக்கு மட்டும் வருகிற தப்பு இது. தெருவில் நாய் பழக்குகிறவனுக்கு இந்தத் தப்பு வராது, அவனிடம் விரிப்பே கிடையாது.

மறுநாள் விரிப்பில் ஒரு பாய் அளவுக்கு வெட்டினேன். பாண்டியம்மா அதைச் சுருட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டார். கிட்டங்கிக்கு வெளியே பொட்டலில் விரித்துப் படுக்கவைத்தோம். அப்புறம் பஸ் ஸ்டாப் பக்கத்தில், பருத்தி லோடு இறக்குகிற இடத்தில், வடை வாசம் வருகிற டீக்கடை எதிரில். ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஏலே, அங்க பாரு, நாய்க்கு ஜமக்காளம் விரிக்காரு!"

"மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருக்கு போல!"

பேசட்டும் என்று விட்டோம். நாளாக ஆக விரிப்பு சுருங்கியது. துண்டு அளவு, தட்டு அளவு, கடைசியில் உள்ளங்கை அளவு. பூச்சி அந்த உள்ளங்கைத் துண்டில் நெஞ்சை மட்டும் வைத்து மற்றதெல்லாம் மண்ணில் கிடக்கப் படுத்தது. ஒரு நாள் அந்தத் துண்டையும் பாண்டியம்மா இடுப்பில் செருகிக்கொண்டு வெறும் மண்ணில் 'படு' என்றார். பூச்சி ஒரு விநாடி மண்ணைப் பார்த்தது, அந்த அம்மாவைப் பார்த்தது, படுத்தது. பாண்டியம்மா அங்கேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வெறும் தரையில் படுத்தது, சரளையில், தாரோட்டு ஓரத்தில், வெயில் தாழ்ந்த பிறகு ஓடை மணலில். ஓட்டத்திலும் படுத்தது.

மிச்சம் இருந்தது ஆடு மட்டும். ஆட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டலாம், முதலில் தூரத்தில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இருளப்பன் திரும்பி வர நாள் இருக்கிறது என்ற தைரியம்.

அவர் என் கணக்குக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் லோடு வண்டி ஒன்று கிட்டங்கி வாசலில் நின்றது. பின்னால் நாலஞ்சு வெள்ளாடு. முன்னால் இருளப்பன்.

"மாட்டாஸ்பத்திரிக்கு ஊசி போடக் கொண்டாந்தேன். வழியில உம்ம ஞாபகம் வந்துச்சு. ஆடும் இருக்கு, நாயும் இருக்கு. காட்டும் வாத்தியாரே."

உள்ளே பூச்சி மேசை மேல் இருந்தது. பாண்டியம்மா என்னிடம் மெல்ல, "அண்ணே, ஆட்டை இன்னும் ஒரு தடவகூட பக்கத்துல பாக்கலயே இது" என்றார்.

முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதில் தப்பில்லை. தயாராகாத நாயை யார் முன்னாலும் இறக்காதீர்கள், அது நம்ம சட்டம். ஆனால் அவர் நம்பிக்கை இல்லாமல் திரும்பிப் போனால் அடுத்த தடவை வரப்போவதும் இல்லை. புஞ்சைக்குப் போவதும் சரிப்படாது, அங்கே எல்லாமே புதுசு. அப்போது எனக்குத் தோன்றியது இதுதான். நாய்க்குப் பழகாதது ஆடு. பழகின இடம் இது. பழகாததைப் பழகின இடத்துக்குள் கூட்டி வந்தால் என்ன?

"இங்கயே இறக்குங்கண்ணே. உள்ள கொண்டாங்க."

"எங்க, இந்தக் கட்டடத்துக்குள்ளயா? புழுக்கை போடுமே."

"போடட்டும்."

ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டேன். பாண்டியம்மா மேசை பக்கத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பூச்சிக்குத் துளித் துளியாகக் கருவாடு கொடுத்துக்கொண்டே இருந்தார். நாய் விடைத்துப்போய் நடுங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆடுகள் என்ன செய்தன தெரியுமா? ஒன்று நேராகக் கூரையில் ஏறி உச்சியில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. இன்னொன்று குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பி மறுபடி நுழைந்தது. ஒரு கிடா தாண்டுகிற கம்பை நின்ற இடத்திலிருந்தே தாண்டியது. நான் மாசக்கணக்கில் மன்றாடிச் சொல்லிக்கொடுக்கிறதை எல்லாம் யாரும் கேட்காமலே செய்தன.

இருளப்பன் இடுப்பில் கையை வைத்துச் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. "பாத்தீரா வாத்தியாரே! எங்கிட்ட ஃபீஸ் வாங்காம பாஸ் ஆயிருச்சு!"

பூச்சி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் அவமானமாக இருந்திருக்கும்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டீக்கடைக்காரர் வந்தார். கையில் டீ கேன் இருப்பதால் ஷட்டரைக் காலால் தள்ளித் தூக்குவது அவர் வழக்கம். தூக்கினார். வெளிச்சம் வந்தது. ஆடுகள் அத்தனையும் அவர் காலுக்கிடையில் புகுந்து பொட்டலுக்குப் பறந்தன. டீ கேன் உருண்டது. பூச்சி மேசையிலிருந்து எழும்பினது எனக்குத் தெரியும், இறங்கினதைப் பார்க்கவில்லை. பாண்டியம்மா கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது.

நான் ஷட்டர் பக்கம் நின்றேன். கயிறு தரையில் நெளிந்தபடி என் காலுக்கு முன்னால் போனது. மிதிக்கக் காலைத் தூக்கினேன். அந்த வேகத்தில் மிதித்தால் பட்டை கழுத்தைப் பிடுங்கிவிடும். மிதிக்காவிட்டால் ஆடு. பொட்டலுக்கு அந்தப் பக்கம் ரோடு வேறு. யோசிக்க நேரமில்லை என்று சொல்லுவார்கள். நேரம் இருந்தது, ஒரே ஒரு யோசனைக்கு மட்டும்.

எல்லாரும் கத்தினார்கள். இருளப்பன் "ஏய், ஏய், விரட்டுதே!" என்று கத்துகிறார். டீக்கடைக்காரர் "பிடி, பிடி!" என்கிறார். லோடு வண்டி டிரைவர் ஹாரனை அடிக்கிறார். பாண்டியம்மாவும் கத்துகிறார், ஆனால் அந்தக் கூச்சலில் அவர் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. நாய்க்கு எப்படித் தெரியும்? வெறும் மண்ணில் அது படுக்கும், பார்த்திருக்கிறோம். ஓட்டத்தில் படுக்கும், பார்த்திருக்கிறோம். ஆட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் இப்போதுதான் படுத்துக் கிடந்தது. இத்தனை பேர் சத்தம் அதற்குப் புதுசு. அங்கே இருந்ததில் நான் எடுத்துவிட முடிந்ததும் அந்தச் சத்தம் மட்டும்தான்.

கயிற்றை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்தேன். நாயைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்துத் திரும்பிக் கத்தினேன்.

"எல்லாரும் வாயை மூடுங்க!"

என் வாழ்க்கையில் பெரியவர்களிடம் அப்படிப் பேசினதில்லை. சட்டென்று அமைதி. இருளப்பன் வாய் திறந்தபடியே நின்றது. நான் பாண்டியம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தேன். அந்த அம்மா மூச்சை இழுத்துவிட்டு, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

"பூச்சி. படு."

கடைசி ஆட்டின் வாலுக்கும் நாயின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இருந்திருக்காது. பூச்சி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிந்து, சரளையில் நெஞ்சு தேய, படுத்தது. காது மட்டும் ஆட்டைப் பார்த்து, உடம்பு முழுக்கப் பாண்டியம்மாவுக்காகக் காத்துக்கொண்டு.

பாண்டியம்மா நடந்துதான் போனார். ஓடவில்லை, அதற்கு நான் அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன். ஓடியிருந்தால் நாயும் எழுந்திருக்கும். பக்கத்தில் போய் மண்டியிட்டு, இருந்த கருவாடு முழுசையும் அதன் வாயில் கொடுத்தார். அப்புறம்தான் அழுதார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பூச்சி படுக்காமல் போயிருந்தால் ஒரு ஆடு போயிருக்கும், இந்தக் கதையை நான் இவ்வளவு கலகலப்பாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். கயிற்றை மிதிப்பதே சரியாக இருக்கிற நாளும் வரும். அன்றைக்கு மிதித்துவிடுங்கள், யோசிக்க வேண்டாம். எந்த நாள் எது என்பதை அந்த நாயைத் தினமும் பார்த்து வந்தவர்தான் சொல்ல முடியும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். நெருக்கடி வந்ததும் நாயிடம் புதுசாக எதையும் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் இருப்பதில் எது புதுசு என்று பாருங்கள், அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது நம்ம வாயாகத்தான் இருக்கும்.

இருளப்பன் ஆடுகளைச் சேர்த்து ஓட்டி வந்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் மசிகிற ஆள் இல்லை. ஒரு வெள்ளாட்டை மட்டும் காதைப் பிடித்துக் கூட்டிவந்து, படுத்துக் கிடந்த பூச்சியின் மூக்குக்கு எதிரில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடத்தினார். நாயின் கண்ணு மட்டும் கூடவே போய்ப் போய் வந்தது. உதட்டோரம் எச்சில் ஒழுகியது. உடம்பு அசையவில்லை.

"என்ன தாயி, இது நெசமாவே படுத்திருக்கா, இல்ல செத்துருச்சா?"

"உசுரோடதாண்ணே இருக்கு" என்றார் பாண்டியம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"ராத்திரி ஆடு அடைஞ்சிருக்கயில கட்டிப்போடணும். அது நமக்குள்ள பேச்சு. பகல்ல மந்தை உள்ள வார நேரமும் வெளிய போற நேரமும் நீ அது பக்கத்துல நிக்கணும். மத்த நேரம் அவுத்துவிட்டுக்க. என் ஆடு எதுவும் இனி ஓடைக்குள்ள விழுகக் கூடாது."

"விழுகாதுண்ணே."

"வாத்தியாரே, வாயை மூடச் சொன்னீரே, என்னையவா?"

"எல்லாரையுந்தாண்ணே."

"என் பொண்டாட்டி இத்தன வருசமா சொல்றா, நான் மூடுனதில்ல." டீக்கடைக்காரர் கேனில் மிச்சம் இருந்ததை ஊற்றிக் கொடுக்க, வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வீரசோழன் கிடை முடிந்து மந்தை திரும்பின அன்று நான் பாண்டியம்மா புஞ்சைக்குப் போயிருந்தேன். கூப்பிடவில்லை, நானாகப் போனேன். நம்ம வேலை கிட்டங்கியில் முடிவதில்லை, நாய் வாழ்கிற இடத்தில்தான் முடியும். அதனால் நீங்களும் போய்ப் பாருங்கள்.

வெயில் சாய்கிற நேரம். வரப்போரம் பூச்சி படுத்திருந்தது, பட்டையில் கயிறு இல்லை. பாண்டியம்மா பக்கத்தில் நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. மந்தை புழுதியோடு புஞ்சைக்குள் இறங்கியது. செம்மறி எல்லாம் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நாய்க்கு எதிரிலேயே போனது. குட்டி ஒன்று வழி தவறி நாயின் பக்கம் வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு ஓடியது. பூச்சி பெருமூச்சு விட்டது. அது எனக்கே கேட்டது.

மந்தைக்குப் பின்னால் இருளப்பன். கிடைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள், பயம் இருக்கிற இடத்தில் கம்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், கண் நாலு பக்கமும் போகும். அவர் கம்பைப் பிடரிக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் அதன் மேல் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நாயைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பாண்டியம்மாவிடம், "தாயி, சோறு ஆக்கியாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்து போனார்.